ஒட்டுண்ணிக் குளவிகளின் இனமறிதல்

ஒட்டுண்ணிக் குளவிகளின் இனமறிதல் என்பது, பிற பூச்சிகளின் உடலிலோ முட்டையிலோ வளர்ந்து அவற்றைக் கொன்று வெளிவரும் நுண்ணிய குளவிகளைச் சேகரித்து, அவை முன்பே அறியப்பட்ட இனங்களா அல்லது புதியனவா என ஆராய்ந்து, பெயரிட்டு வகைப்படுத்தும் பணி ஆகும். இது விலங்கியலின் வகைப்பாட்டியல் துறையைச் சேர்ந்தது. எனினும் இதன் பயன் அருங்காட்சியகங்களோடு நின்றுவிடுவதில்லை. பயிர்களைத் தாக்கும் பூச்சிகளை அவற்றின் இயற்கை எதிரிகளைக் கொண்டே அடக்கும் உயிரியல் கட்டுப்பாட்டு முறை முழுவதும் இனங்களைச் சரியாக அறிவதையே நம்பியுள்ளது.

தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இங்கு சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி, கடந்த சில பத்தாண்டுகளில் பணப்பயிரான மரவள்ளிக்கு மாறியது. கிழங்கு சேலம், நாமக்கல் பகுதிகளின் சேகோ ஆலைகளுக்குச் சென்று சவ்வரிசியாகவும் மாவாகவும் மாறுகிறது. ஒரே பயிரை நம்பும் உழவருக்கு அப்பயிரில் தோன்றும் மாவுப்பூச்சி எந்த இனம், அதனைக் கொல்லும் குளவி எந்த இனம் என்பவை வருவாயைத் தீர்மானிக்கும் கேள்விகள் ஆகும்.

ஒட்டுண்ணிக் குளவி எனப்படுவது

பேன், உண்ணி போன்ற ஒட்டுண்ணிகள் தாம் சார்ந்துள்ள உயிரைப் பொதுவாகக் கொல்வதில்லை. ஒட்டுண்ணிக் குளவியின் இளம்புழுவோ தனக்கு இடமளித்த பூச்சியை உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ தின்று, இறுதியில் கொன்றுவிடுகிறது. வளர்ந்த குளவி தனித்து வாழும். இவ்வேறுபாட்டைச் சுட்டுவதற்கென ஓ. எம். ராய்ட்டர் என்பவர் 1913ஆம் ஆண்டில் மேலை மொழிகளில் ஒரு தனிச்சொல்லை உருவாக்கினார். தமிழில் இரு வகையினவும் ஒட்டுண்ணி என்றே வழங்கப்படுகின்றன.

இவை எறும்பு, தேனீ ஆகியவற்றை உள்ளடக்கிய ஐமனாப்டெரா வரிசையைச் சேர்ந்தவை. கூரை இறவாணத்தில் கூடு கட்டிக் கொட்டும் குளவியை மனத்தில் கொண்டு இவற்றைத் தேடினால் கண்ணில் படமாட்டா. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை, மனிதரைக் கொட்டுவதுமில்லை. அறியப்பட்ட பூச்சிகளுள் மிகச் சிறியதும் இவற்றுள் ஒன்றே. 1997இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலிருந்து விவரிக்கப்பட்ட டைகோபோமார்ஃபா எக்மெப்டெரிஜிஸ் என்னும் இனத்தின் சிறகற்ற ஆண் 0.139 மில்லிமீட்டர் நீளமே உடையது.

ஐமனாப்டெரா வரிசையில் இதுவரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. உண்மையான எண்ணிக்கை இதனைப்போல் பல மடங்கு இருக்கும் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஒவ்வொரு வகைப் பூச்சிக்கும் அதனைத் தாக்கும் ஓரிரு குளவி இனங்களேனும் இருக்கக்கூடும் என்ற கணக்கின் அடிப்படையில், இவ்வரிசை வண்டுகளின் வரிசையையும் மிஞ்சக்கூடும் என 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

சேகரித்தல்

புல்வெளியிலும் புதரிலும் துணிவலையை வீசிப் பிடிப்பது பழைய முறை. மஞ்சள் நிறத்தால் ஈர்க்கப்படும் இயல்பு பல குளவிகளுக்கு உண்டு. ஆகவே மஞ்சள் தட்டுகளில் நீரூற்றி, நீரின் இழுவிசை குறையச் சில துளி சோப்புக் கரைசல் கலந்து தரையில் வைத்தால் அவை விழுந்து மூழ்கும். சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மாலேசு 1930களில் வடிவமைத்த கூடாரப் பொறி மற்றொரு வழியாகும். பறந்து வரும் பூச்சி தடுப்புத் துணியில் மோதி, மேல்நோக்கி ஏறி, உச்சியிலுள்ள சாராயக் குப்பியில் விழும்.

இம்முறைகளால் குளவி கிடைக்குமேயன்றி அது எதனைத் தாக்கி வாழ்கிறது என்பது தெரியவராது. அதற்குத் தாக்கப்பட்ட பூச்சியைச் செடியோடு எடுத்து வந்து குப்பியிலிட்டு, குளவி வெளிவரும்வரை காத்திருத்தல் வேண்டும். நாட்கணக்கில் இழுக்கும் வேலையாயினும் வேளாண்மைக்குப் பயன்படும் செய்தி பெரும்பாலும் இவ்வழியிலேயே கிடைக்கிறது. ஒட்டுண்ணி குடிகொண்ட மாவுப்பூச்சி அசைவிழந்து, உப்பி, தோல் தடித்துக் கூடுபோல் ஆகிவிடும். அக்கூட்டில் வட்டமான துளையிட்டுக் குளவி வெளியேறும்.

அடையாளம் காணல்

உலர்த்திய குளவியை முக்கோணமாக வெட்டிய தடித்த தாளின் முனையில் பசையால் ஒட்டி, அத்தாளை ஊசியில் குத்தி வைப்பர். ஊசியைக் குளவியின் உடலிலேயே செருகினால் உடல் சிதைந்துவிடும். உணர்கொம்பு, சிறகு, இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் காண்பதும் உண்டு. இடம், நாள், சேகரித்தவர் பெயர், தாக்கப்பட்ட பூச்சி ஆகியவற்றைக் குறித்த சீட்டும் அதே ஊசியில் இருக்க வேண்டும். சீட்டில்லாத குளவி ஆய்வுக்குப் பெரும்பாலும் பயன்படாது.

மாவுப்பூச்சிகளைத் தாக்கும் குளவிகளுள் பல என்சிர்ட்டிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மார்பின் பக்கத்தகடு பெரிதாகப் புடைத்திருக்கும். நடு இணைக் கால்கள் தாவுவதற்கேற்ற பெரிய முள்ளைக் கொண்டிருக்கும். முன்சிறகில் மயிரற்ற சாய்ந்த கோடு ஒன்று காணப்படும். குடும்பத்தை அறிந்தபின் பேரினத்தையும், பேரினத்தை அறிந்தபின் இனத்தையும் தேடுவர். அனாகைரஸ் பேரினத்தின் பெண் குளவிகளில் உணர்கொம்பின் அடிக்கணு தட்டையாக விரிந்து, பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். ஆணுக்கு அவ்வாறு இல்லாமல் நீண்ட மயிர்கள் நிறைந்திருக்கும். ஓர் இனத்தின் ஆணும் பெண்ணும் இவ்வளவு வேறுபடுவதால் அவற்றை இரண்டு இனங்களாகக் கொண்டு பெயரிட்ட நிகழ்வுகளும் வகைப்பாட்டியலில் உண்டு.

இதற்கு எதிரான சிக்கலும் உள்ளது. பார்வைக்கு ஒன்றாகவே தோன்றுபவை வெவ்வேறு இனங்களாக இருக்கலாம். கரும்புத் தண்டுத்துளைப்பானைக் கட்டுப்படுத்த வயல்களில் கட்டப்படும் முட்டை ஒட்டுண்ணி அட்டையைத் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் நன்கறிவர். அதிலுள்ள டிரைக்கோகிரம்மா குளவிகள் அரை மில்லிமீட்டர் அளவினவை. நிறம், மயிர் ஆகியவை வெப்பநிலைக்கும் வளர்ந்த முட்டைக்கும் ஏற்ப மாறுவதால் அவற்றைக் கொண்டு இனம் பிரித்தல் நம்பத்தக்கதன்று. இதனால் இந்தியக் குளவிகள் நெடுங்காலம் வெளிநாட்டு இனங்களின் பெயர்களால் வழங்கின. பெங்களூரில் ஆய்வு செய்த சுதா நாகர்கட்டி, எச். நாகராஜா ஆகிய இருவரும் 1971இல் வெளியிட்ட கட்டுரையில், ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவமே உறுதியான அடையாளம் என்பதைப் பல இனங்களை மீண்டும் விவரித்துக் காட்டினர். உலகெங்கும் இப்பேரினத்தின் வகைப்பாடு அதன்பின் மாறியது. இந்தியாவில் பெருமளவில் வளர்க்கப்படும் இனம் இன்று டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என அறியப்படுகிறது. இப்பெயரைச் சப்பானிய அறிஞர் இசீ 1941இல் இட்டிருந்தார்.

பெயரிடல்

புதியது எனத் துணிந்த இனத்தைப் பெயரிட விலங்கியற் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பைப் பின்பற்றுதல் வேண்டும். இதன் நான்காம் பதிப்பு 2000ஆம் ஆண்டு சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. விலங்குப் பெயர்கள் அனைத்தும் லின்னேயசு 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பைத் தொடக்கமாகக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. பெயர் பேரினம், இனம் என இரு பகுதிகளைக் கொண்டதாய் இருக்கும். ஆணொருவரைச் சிறப்பித்து இடும் இனப்பெயர் பொதுவாக இகரத்தில் முடியும். லோபெசி, ஹெர்ரெனி ஆகியவை அவ்வகையின.

பெயரைவிட முதன்மையானது மூலமாதிரி ஆகும். விவரிப்பவர் தம்மிடமுள்ள குளவிகளுள் ஒன்றைத் தேர்ந்து, இப்பெயர் இதற்கே உரியது என அறிவித்து, பொது அருங்காட்சியகம் ஒன்றில் வைப்பார். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் எழுதிய விவரத்தைவிட அந்த ஒரு குளவியே சான்றாகக் கொள்ளப்படும். விவரம் வெளியிடப்படாதவரை பெயருக்கு மதிப்பில்லை. ஒரே இனத்திற்கு இருவர் இரு பெயரிட்டிருப்பின் முந்தைய பெயரே பொதுவாக நிலைக்கும்.

இவ்விதி இந்தியாவில் பருத்தி மாவுப்பூச்சியின் குளவிக்குப் பொருந்திய விதம் அறியத்தக்கது. ஃபீனகாக்கஸ் சோலெனாப்சிஸ் என்னும் அமெரிக்க மாவுப்பூச்சி 2005க்குப் பின் இந்தியப் பருத்தி வயல்களில் பெருகிப் பேரிழப்பை விளைவித்தது. சில ஆண்டுகளில், எவரும் கொண்டுவந்து விடாத குளவி ஒன்று அதனைத் தாக்கிக் குறைத்து வருவது தெரியவந்தது. அலிகார் முசுலிம் பல்கலைக்கழகத்தின் முகம்மது அயாத் 2009இல் இதனை ஏனாசியஸ் பம்பாவலேய் எனப் புதிய இனமாக விவரித்தார். பின்னர் மூலமாதிரிகளை ஒப்பிட்டவர்கள், 1915இல் ஏ. ஏ. சிரால்ட் அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து விவரித்த இனமே இது என்று 2014இல் முடிவு செய்தனர். ஆகவே இன்றைய பெயர் ஏனாசியஸ் அரிசோனென்சிஸ் ஆகும். சிரால்ட் ஆயிரக்கணக்கான நுண்குளவிகளை மிகச் சுருக்கமான குறிப்புகளோடு விவரித்துச் சென்றவர். அவர் பெயரிட்டவற்றை இனங்காண்பது பிற்காலத்தவர்க்கு இன்றும் கடினமான வேலையாகவே உள்ளது. 2009ஆம் ஆண்டின் பெயர் இப்போது இணைப்பெயராக மட்டும் எஞ்சியுள்ளது. ஆயினும் அது வீணன்று. மாவுப்பூச்சியோடு அதன் எதிரியும் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு இப்பெயராய்வே வழிவகுத்தது.

மரவள்ளி மாவுப்பூச்சியும் அனாகைரஸ் லோபெசியும்

இனமறிதலில் நேரும் பிழை எவ்வளவு காலத்தை விழுங்கும் என்பதற்கு மரவள்ளியின் வரலாறே சிறந்த சான்று. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி, பல நூற்றாண்டுகளாக ஆப்பிரிக்க மக்களின் முதன்மை உணவாக இருந்து வருகிறது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் அதுவரை அறியப்படாத மாவுப்பூச்சி ஒன்று மரவள்ளியில் தோன்றியது. குருத்துகள் சுருண்டு கொத்தாகி, இலைகள் உதிர்ந்து, சில இடங்களில் விளைச்சல் எண்பது விழுக்காடு வரை குறைந்தது. நடுவதற்கான கரணைகளும் கெட்டன. பாரிசு அருங்காட்சியகத்தின் தானியல் மாத்தில்-ஃபெரேரோ 1977இல் இதனை ஃபீனகாக்கஸ் மேனிஹோட்டி எனப் பெயரிட்டு விவரித்தார்.

பயிர் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது என்பதால் பூச்சியும் அங்கிருந்தே வந்திருக்கும் எனக் கருதிய ஆய்வாளர்கள் அங்கு அதன் எதிரிகளைத் தேடினர். அக்கண்டத்தின் வட பகுதியில் மரவள்ளியில் வாழும் மாவுப்பூச்சி ஒன்று கிடைத்தது. தோற்றத்தில் மிக ஒத்திருந்தது. ஆனால் அதன் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் வளரவில்லை. நுணுகி நோக்கியபோது இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பது தெளிவாயிற்று. வட பகுதிப் பூச்சியில் ஆணும் பெண்ணும் உண்டு. நிறம் மஞ்சள் சார்ந்தது. ஆப்பிரிக்கப் பூச்சி இளஞ்சிவப்பு நிறமுடையது. ஆணின்றிப் பெண்களே பெண்களை ஈனுவது. வட பகுதி இனத்திற்கு 1981இல் ஃபீனகாக்கஸ் ஹெர்ரெனி எனப் பெயரிடப்பட்டது. நைசீரியாவின் இபதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் இத்திட்டத்தை நடத்திய சுவிட்சர்லாந்து நாட்டவர் ஆன்சு ஹெர்ரன் பெயரால் அமைந்தது இது. தேடலைத் திசை திருப்பிய பூச்சிக்கே தேடியவர் பெயர் அமைந்தது ஒரு முரண்தான்.

உண்மையான ஃபீனகாக்கஸ் மேனிஹோட்டி மிகத் தெற்கே பராகுவே நாட்டில் 1981இல் கிடைத்தது. கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தைச் சேர்ந்த அந்தோணி பெல்லோட்டி அதனைக் கண்டார். அதிலிருந்து வளர்த்தெடுத்த குளவிகளுள் ஒன்று புதியதன்று. அருகிலுள்ள அர்கெந்தீனாவின் லா பிளாட்டா அருங்காட்சியகத்தில் பணியாற்றிய லூயிசு தெ சாந்திசு, தம் நாட்டின் என்சிர்ட்டிடே குளவிகளைப் பற்றிய நூலில் அதனை 1964இலேயே அபோஅனாகைரஸ் லோபெசி என விவரித்திருந்தார். மாவுப்பூச்சிக்குப் பெயர் கிடைப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதன் எதிரிக்குப் பெயர் இருந்தது. பயன் எதனையும் எதிர்பாராமல் ஒரு நாட்டின் நுண்குளவிகளைப் பட்டியலிட்ட வேலை அது.

குளவிகள் இங்கிலாந்தில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்டபின் நைசீரியாவுக்கு அனுப்பப்பட்டு, 1981ஆம் ஆண்டின் இறுதியில் வயலில் விடப்பட்டன. பத்தாண்டுகளுக்குள் அவை ஆப்பிரிக்காவின் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைபெற்றன. ஹெர்ரனுக்கு 1995ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. இதற்கிடையில் குளவியின் பேரினம் குறித்த கருத்து மாறிக்கொண்டே இருந்தது. 1980களின் கட்டுரைகளில் அது எபிடினோகார்சிஸ் லோபெசி எனவும், பின்னர் மீண்டும் அபோஅனாகைரஸ் எனவும், இப்போது அனாகைரஸ் லோபெசி எனவும் காணப்படும். பழைய ஏடுகளைப் படிக்கும் மாணவர் இவை மூன்றும் ஒரே குளவி என்பதை நினைவில் கொள்ளுதல் நன்று. பேரினம் மாறியபோதும் லோபெசி என்னும் இனப்பெயர் மாறவில்லை.

பெண் குளவி ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் கருநிறமாக இருக்கும். மாவுப்பூச்சி ஒன்றுக்குப் பொதுவாக ஒரு குளவியே வளர்ந்து வெளிவரும். சிறிய பூச்சியில் கருவுறாத முட்டையையும் பெரிய பூச்சியில் கருவுற்ற முட்டையையும் தாய்க்குளவி இடும் போக்குடையது. முன்னது ஆணாகவும் பின்னது பெண்ணாகவும் வளரும். சில மாவுப்பூச்சிகளைக் குத்தி, கசியும் நீரைத் தன் உணவாகவும் கொள்கிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டு மரவள்ளியில் தோன்றிய முதல் பெரிய மாவுப்பூச்சித் தாக்குதல் வேறோர் இனத்தினுடையது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றை அழித்தது. 2010இல் அசிரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று குளவி இனங்கள் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவிக்கப்பட்டு மாநிலமெங்கும் விடப்பட்டன. தாக்குதல் விரைவில் தணிந்தது. இக்குளவி கரிபியன் தீவுகளில் பயன்படுத்தப்பட்டபோது அதற்கு இனப்பெயரே இருக்கவில்லை. நோயெசு, சாஃப் ஆகியோர் 2003இல்தான் அதனை விவரித்தனர்.

ஃபீனகாக்கஸ் மேனிஹோட்டி இந்தியாவில் முதன்முதலாக 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டது. பின்னர் அது சேலம், நாமக்கல் உள்ளிட்ட தமிழக மாவட்டங்களிலும் பரவியது. வெண்மாவு போர்த்த இரு பூச்சிகளையும் வயலில் பார்ப்பவருக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. சாராயத்தில் இட்டால் பப்பாளி மாவுப்பூச்சி நீலங்கலந்த கருநிறமாகும். மரவள்ளி மாவுப்பூச்சியின் உடலோ இளஞ்சிவப்பானது. உறுதியான முடிவுக்கு மாவைக் கரைத்து நீக்கி, தோலிலுள்ள நுண்துளைகளை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். பப்பாளி மாவுப்பூச்சிக்கே உரிய அசிரோபேகஸ் பப்பாயே புதிய பூச்சியை அடக்காது. இனம் தெரியாமல் அதனையே பெருக்கி விட்டிருந்தால் ஆப்பிரிக்கத் தேடலில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருக்கும்.

தாய்லாந்து இதே பூச்சியை 2008இல் எதிர்கொண்டு, அனாகைரஸ் லோபெசியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வருவித்துப் பயன்பெற்றிருந்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனமும் 2021இல் பெனினிலிருந்தே குளவிகளை வருவித்துச் சோதித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அவை முதன்முதலாக வயலில் விடப்பட்டன. குளவி விட்ட வயலில் பூச்சிக்கொல்லி தெளித்தால் மாவுப்பூச்சியைவிடக் குளவியே முதலில் மடியும். மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை உண்டு, குளவிக்கு இல்லை.

மரபுக் குறியீடு

உருவத்தால் பிரிக்க இயலாத இனங்களைப் பிரிக்க, மைட்டோகாண்டிரியாவிலுள்ள மரபணு ஒன்றின் ஒரு பகுதியைப் படித்து ஒப்பிடும் முறை 2003க்குப் பின் பரவியது. நடு அமெரிக்க நாடான கோசுட்டா ரிக்காவில், கம்பளிப்புழுக்களிலிருந்து வளர்த்த குளவிகளை உருவத்தால் 171 இனங்களாகப் பிரித்திருந்தனர். மரபுக் குறியீட்டையும் சேர்த்து நோக்கியபோது அவை 313 ஆயின. 2008இல் வெளிவந்த இவ்வாய்வில், பல பூச்சிகளைத் தாக்குவதாகக் கருதப்பட்ட குளவிகளுள் பல, ஓரிரு பூச்சிகளை மட்டும் தாக்கும் தனித்தனி இனங்களாக வெளிப்பட்டன. எனினும் குறியீடு மட்டும் இனமாகிவிடாது. அதற்குரிய குளவியும் சீட்டும் காப்பகத்தில் இருத்தல் வேண்டும்.

இந்தியாவில் மாதிரிகளை வைக்குமிடம்

2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டப்படி, இந்தியாவில் புதிய இனத்தைக் கண்டறியும் எவரும் அதனை அரசு குறித்துள்ள காப்பகத்திற்குத் தெரிவித்து, சான்று மாதிரிகளை ஒப்படைத்தல் வேண்டும். 1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் விலங்குகளுக்கான முதன்மைக் காப்பகம் ஆகும். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இதற்குச் சென்னையிலும் கோழிக்கோட்டிலும் மையங்கள் உள்ளன. புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசியப் பூச்சித் தொகுப்பிலும், பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்திலும் குளவித் தொகுப்புகள் பேணப்படுகின்றன. தென்னிந்தியக் குளவிகளை விவரித்தவர்களுள் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் டி. சி. நரேந்திரன் குறிப்பிடத்தக்கவர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பூச்சியியல் துறையிலும் நுண்குளவிகளின் வகைப்பாடு ஆராயப்பட்டு வந்துள்ளது.